வில்லை கழற்றிய நாள்

பத்திரம் எழுதும் பக்தவச்சலத்துக்கு வெள்ளாத்துப்பேட்டையில் இரண்டு பெருமைகள் இருந்தன. அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது என்பது ஒன்று. அந்தத் தெருவிலேயே பஞ்சாயத்து வில்லை கட்டிய ஒரே நாய் அவருடையது என்பது இன்னொன்று. முதலாவது உண்மையா என்று சப்-ரிஜிஸ்திராரைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது சத்தியமான உண்மை. எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் பதினேழு என்று நம்பர், ஒரு தோல் வாரில் கோத்து நாயின் கழுத்தில் தொங்கியது.

நாயின் பெயர் சீசர். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றின் காவல்காரன், தன் வீட்டுமனைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததற்கு நன்றியாகக் குட்டியில் கொண்டுவந்து கொடுத்தது. "சீமை நாய்க் கலப்பு" என்று பக்தவச்சலம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பார்த்தால் செவலை நிறத்தில் அசல் ஊர் நாய்தான். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க ஆள் இல்லை.

பெருமைதான் அவருடையது, நாய் தெய்வநாயகியுடையது. தெய்வநாயகி அவருடைய தங்கை. கல்யாணமான நாலாம் வருஷம் படாளத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த வீட்டில் அவளுக்கு வேலை உண்டு, சோறு உண்டு, பின்கட்டில் விறகு அறையை ஒட்டிப் படுக்க இடம் உண்டு. பேச்சுத்துணை மட்டும் கிடையாது. அண்ணி லோகநாயகி அவளிடம் பேசுவதெல்லாம் "அதை எடு, இதை வை" என்பதோடு சரி. அண்ணன் அந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை.

நாய்க்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, உண்ணி பொறுக்குவது எல்லாம் அவள்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் பின்வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்திலேயே சீசர் தன் அலுமினியத் தட்டில் சாப்பிடும். அன்றைக்கு அண்ணி என்ன சொன்னாள், குழம்பில் ஏன் உப்பு கூடிப்போனது என்று எல்லாவற்றையும் அவள் அதனிடம் சொல்வாள். அது அடுத்த கவளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும். அந்த வீட்டில் அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவருகிற ஜீவன் அது ஒன்றுதான். அதனால் அவளுக்கு அந்த நாய் மேல் உயிர்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் ஒரு வெறிநாய் தபால்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் கடித்துவிட்டது. பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். வில்லை இல்லாத நாய் எதுவானாலும் பிடித்துக் கொல்லப்படும் என்று தெருத்தெருவாக அடித்துச் சொன்னார்கள். பக்தவச்சலம் வாசலில் நின்று தலையாட்டிக் கேட்டார். பிறகு எதிர்வீட்டுக்காரருக்குக் காதில் விழும்படி, "நம்ம நாயி மேல எவன் கைய வைப்பான்? கெவர்மெண்டு நம்பரு கீது அது கழுத்துல!" என்றார்.

இப்படிச் சொன்ன மனுஷன்தான் ஆயுத பூஜை அன்று காலையில் அந்த வில்லையைக் கழற்றச் சொன்னார்.

வீட்டில் இருக்கிற அரிவாள்மனை, கத்திரி, தையல் மிஷின், மண்வெட்டி எல்லாவற்றையும் லோகநாயகி புளி போட்டுத் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். தேய்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்தவச்சலத்தின் பேனாக்கள், மைக்கூடு, முத்திரை மைப்பெட்டி எல்லாம் பலகையில் ஏறிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டன. சாயங்காலம் நாலு பேர் பூஜையைப் பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் கண்ணில் பித்தளை வில்லையும் பட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"நாயகி, சீசர் வில்லயக் கழட்டித் தேச்சுக் குடு. அதுவும் ஆயுதந்தான். வீட்டக் காவக் காக்குதில்ல?"

தெய்வநாயகி தயங்கினாள். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி மறுபூஜை முடிகிற வரை யாரும் தொட மாட்டார்கள். அதுவரை நாய் வெறும் கழுத்தோடு இருக்கும்.

"நாய் புடிக்கிற வண்டி சுத்திகினு கீதாம் அண்ணே."

"பண்டிக நாளும் அதுவுமா எவன்டி நாய் புடிப்பான்? அவனவன் கத்திக்கும் கம்புக்கும் பொட்டு வெச்சிகினு வூட்ல குந்தினு இருப்பான். சொன்னதச் செய்."

செய்தாள். அவள் கையாலேயே வாரை அவிழ்த்தாள். சீசர் கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு, இத்தனை நாள் அரித்த இடத்தைச் சுகமாகச் சொறிந்தது.

பதினோரு மணிக்குக் கடைத்தெருவில் லாரி ஷெட்டுக்காரர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆறு லாரியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன, மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். சீசருக்கு அந்தச் சத்தம் ஆகாது. வாலை இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பாய்ந்து ஓடிவிட்டது. தெய்வநாயகி அப்போது நாற்பது பேருக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் சோற்றோடு பின்வாசலுக்கு வந்து நாயைத் தேடியபோது மணி இரண்டு.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தார். "பசிச்சா தானா வரும்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

காணாமல்போன நாயை எப்படித் தேடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் போக அவளுக்கு வாய் வராது, அவள் குரல் அந்தத் தெருவில் கேட்டதே இல்லை. சீசரின் அலுமினியத் தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். தட்டைத் தட்டினால் ஊர்க்கோடியில் இருந்தாலும் அது ஓடிவரும். டங் டங்கென்று தட்டிக்கொண்டே நடந்தாள்.

ஆயுத பூஜையும் அதுவுமாக வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி வெறும் தட்டைத் தட்டிக்கொண்டு கடைத்தெருவில் போனால் எப்படி இருக்கும்? மாலை போட்டுப் புறப்படத் தயாராக நின்ற ஒரு லாரிக்காரன் அவளைப் பார்த்ததும் இறங்கிப் போய்ச் சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறினான். வெற்றிலைக் கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சைக்கிள் கடை வாசலில் நின்ற இரண்டு பேர், "இன்னாம்மா, அண்ணன் சோறு போடலியா? தட்டத் தூக்கினு கெளம்பிட்ட!" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. கறிக்கடைப் பக்கம் போனாள், குளத்தங்கரைக்குப் போனாள், அரிசி ஆலைக்குப் பின்னால் உமிக்குவியல் வரைக்கும் போய்ப் பார்த்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அதைக் கவனித்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினாள்.

கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் குப்பம்மா எதிரே வந்தாள். ஒருவரும் மீன் வாங்காத நாள், கூடை கனக்கக் கனக்கத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

"செவல நாயா? ஒங்க வூட்டு நாய்தான? கழுத்துல பட்ட இல்லாம சொறிஞ்சிகினு நின்னுச்சு, சுருக்குப் போட்டுத் தூக்கிட்டாங்க. நான் பாத்தேன். கால்வா ஓரம் உப்புக் கொட்டாய்க்குப் போயிருக்கும் வண்டி. ஓடு யம்மா, இன்னிக்கே ஓடு. நாளைக்கு இருக்காது."

உப்புக் கொட்டாய் கிழக்கே மூன்று மைல். தெய்வநாயகி நடந்தாள் என்று சொல்ல முடியாது, பாதி தூரம் ஓடினாள். கால்வாய்க் கரையில் ஓலைக் கொட்டகை, அதற்குள் கம்பிக்கூண்டு ஒன்று, கூண்டுக்குள் இருபது நாய்கள். கொட்டகைக்கு வெளியே நீளமாக ஒரு குழி வெட்டிவைத்திருந்தார்கள். நாய் பிடிக்கும் கண்ணாயிரம் குழிமேட்டில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சுருக்குக் கம்பியும் உருட்டுக்கட்டையும் கிடந்தன. வண்டி வந்து சேர்ந்ததும் இரண்டுக்கும் பட்டையாகத் திருநீறு பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தான்.

சீசர் அவளைப் பார்த்துவிட்டது. மற்ற நாய்களின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு கம்பிக்கு வந்து, வெளியே இருந்து நீட்டிய அவள் விரல்களை நக்கியது. அதன் கழுத்தில் சுருக்கு இறுகிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. ஊளையிடவில்லை. அவள் வந்துவிட்டாள், இனி வீட்டுக்குப் போகலாம் என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"இது எங்க வூட்டு நாய்ங்க. வில்ல கட்டின நாய்."

"வில்ல எங்கம்மா?"

"பூஜைல வெச்சிக்கீது."

கண்ணாயிரம் பொரியை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "நாய் வில்லக்குப் பூஜையா! நானாவது கட்டைக்குப் போட்டேன்." சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "த பாரும்மா, எனக்கு ஒன்மேல இன்னா பகை? வில்லயக் கொண்டா, நாயக் கூட்டிகினு போ. பொட்டு வெச்ச நாள்ல நான் கட்டயத் தொட மாட்டேன், அதனால இன்னிக்குப் பொழச்சிது. காலைல எட்டு மணிக்கு வேலய ஆரம்பிச்சிடுவேன். கூண்டு ஒண்ணுதான் கீது. இத காலி பண்ணாத்தான் அடுத்த வண்டி நாய அடைக்க முடியும்."

"ஒரு பத்து மணி வரிக்கும் இத மட்டும் வெச்சிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஆளாளுக்கு ஒரு நாய வெச்சிருன்னா நான் கடயா வெச்சிக்கிறேன்? எட்டு மணி."

அவள் திரும்பி நடந்தபோதுதான் சீசர் குரைத்தது. கரை திரும்புகிற வரை அந்தக் குரைப்பு அவள் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் பூஜை பார்க்க வந்தவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தெய்வநாயகி கூடத்து நிலைப்படிக்கு வெளியே நின்று மூச்சிறைக்க எல்லாவற்றையும் சொன்னாள். லோகநாயகி முழுதும் கேட்கக்கூட இல்லை.

"வெச்ச பூஜையக் கலைக்கச் சொல்றியா? மறுபூஜைக்கு நாளைக்குப் பத்தரைக்குத்தான் நல்ல நேரம். அதுக்கு முன்ன ஒரு குண்டூசிய எடுத்தாலும் வருஷம் பூரா வூட்ல வெளங்காது. நாய்க்காக எம்புருஷன் தொழில் போவணுமா?"

தெய்வநாயகி அண்ணனைப் பார்த்தாள். "அப்ப நீங்க ஒரு சீட்டாவது எழுதிக் குடுங்க அண்ணே. பஞ்சாயத்துத் தலைவருக்கு ரெண்டு வரி. இது எங்க நாய்தான்னு எழுதினாப் போதும்."

"எதால எழுதறது?" என்றார் பக்தவச்சலம். ஊர் முழுக்கச் சொத்தை எழுதி மாற்றிக் கொடுக்கிற மனுஷன், பேனாக்கள் இருந்த பலகையைக் கைகாட்டினார். "இன்னிக்கு எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. அது தெரியாதா ஒனக்கு?"

"நேர்ல போய்ச் சொன்னாக்கூட விட்டுடுவாங்க."

"நாய் புடிக்கிறவன் முன்னால நான் போய் நிக்கணுமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?" என்று எரிந்து விழுந்தவர், பிறகு பெரிய மனது பண்ணினார். "பயப்படாத. எட்டு மணின்னு சொல்லுவான், அவன் எழுந்திருக்கவே ஒம்பது ஆவும். பத்தரைக்குப் பூஜ முடிஞ்சதும் நானே வில்லய எடுத்துக் குடுக்கறேன்."

தெய்வநாயகிக்கு அந்தக் கட்டை கண்ணிலேயே நின்றது. விடியற்காலையில் எழுந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பூஜை அறைக்குள் கால் வைத்தாள். சாமியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பலகையிலிருந்து வாரை எடுத்தாள். எடுத்த கையோடு ஓடியிருந்தால் தப்பித்திருப்பாள். வில்லையில் இருந்த பூ மைக்கூட்டின் மேல் விழுந்துவிட்டது, அதை எடுத்து ஒழுங்காக வைக்கக் குனிந்தாள். அந்த மரியாதைதான் அவளுக்கு வினையாகிப்போனது. கோலம் போட எழுந்து வந்த லோகநாயகி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள்.

அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. பூஜை தீட்டாகிவிட்டது, குடும்பம் நாசமாகிவிட்டது, தாலியறுத்தவள் இப்போது அண்ணி தாலிக்கும் உலை வைத்துவிட்டாள் என்று மாரில் அடித்துக்கொண்டாள். பக்தவச்சலம் வந்து தங்கையின் கையிலிருந்த வாரைப் பிடுங்கினார். அதே வாரால் அவள் தோளில் இரண்டு அடி போட்டார். அவர் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு வாரைக் கழுவி, மறுபடி சந்தனம் வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பூஜ முடியற வரிக்கும் இவ வெளிய வரக் கூடாது" என்றாள் லோகநாயகி.

விறகு அறையில் தள்ளி வெளியே கொக்கி போட்டார்கள். "அண்ணே, அது என்னப் பாத்துகினு இருக்கும் அண்ணே, வாலாட்டிகினு நிக்குது அண்ணே" என்று அவள் உள்ளேயிருந்து கதறினாள். லோகநாயகி பசுஞ்சாணம் கரைத்து வீடு முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அரிசி ஆலைச் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்ததும் தெய்வநாயகி கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பத்தரைக்குப் பூஜை நடந்தது. பக்தவச்சலம் பேனாவை எடுத்து, மஞ்சள் தடவிய காகிதத்தில் உ போட்டு நாலு வரி எழுதினார். பிறகு தானே வந்து கொக்கியை எடுத்து, குங்குமம் வைத்த வில்லையைத் தங்கையின் கையில் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. "எதையும் முறையாச் செஞ்சா தானா நடக்கும். போய்க் கூட்டிகினு வா" என்றார்.

கால்வாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குழியில் பாதிக்கு மண் தள்ளியிருந்தார்கள். கூண்டில் இருந்தவை வேறு நாய்கள்.

கண்ணாயிரம் அவள் கையில் இருந்த வில்லையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் எட்டு மணின்னுதான சொன்னேன்?" என்றான். "சும்மா சொல்லக் கூடாது, ஒனக்காக அத கடேசியா வெச்சேன். ஒம்பது வரிக்கும் பாத்தேன். கம்பிகிட்டயே நின்னுச்சு."

அவள் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். பிறகு கூண்டுப் பக்கம் போய்க் குச்சியால் ஒரு நாயைத் தள்ளி முன்னால் கொண்டுவந்தான்.

"த, இதுவும் செவலதான். அதே ஒசரம். வில்லைக்கு ஒரு நாய், என் கணக்கும் சரியாப்போவும். வேணும்னா இட்டுகினு போ. இல்லன்னா இதுவும் நாளைக்குக் காலைல அங்கதான்."

அது பெட்டை. வலது காதின் நுனி அறுந்திருந்தது. கூண்டின் மூலையில் ஒடுங்கி நடுங்கியது, அவளிடம் வர அதற்கு விருப்பமே இல்லை. அதன் கழுத்தில் அந்த வாரைக் கட்டும்போது தெய்வநாயகிக்கு அதன் மேல் வெறுப்பாக வந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். கட்டை கண்ணில் பட்டது. கட்டிவிட்டாள். கயிறு வாங்கி மூன்று மைலும் இழுத்துக்கொண்டு வந்தாள். வழி நெடுக அண்ணனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். 'உங்க பூஜைல அது செத்துப்போச்சு' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கும் அடித்தால் அடிக்கட்டும்.

பக்தவச்சலம் வாசலில் எதிர்வீட்டுக்காரரோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல? நம்பர் பாத்ததும் அவனே கொண்டாந்து வுட்டிருப்பான்! சீசர்! டேய் சீசர்!"

நாய் திரும்பவில்லை.

"பயந்து கீது" என்று எதிர்வீட்டுக்காரரிடம் விளக்கம் சொன்னார். "ஒரே ராத்திரில எப்டி எளச்சிட்டான் பாருங்க. சீமை நாய்க் கலப்பு இல்ல, அடச்சி வெச்சா தாங்காது." குனிந்து அதன் தலையைத் தடவினார். அறுந்த காதின் மேலேயே அவர் கை போய்வந்தது.

சீசர் மூன்று வருஷம் அந்த வீட்டில் வளர்ந்த நாய். தெய்வநாயகி அண்ணனின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டும் என்று எடுத்துவந்த வார்த்தையைச் சொல்லாமல் நாயின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் இந்த நாயின் கழுத்திலிருந்தும் வில்லையைக் கழற்றிவிடுவார்.

பின்கட்டுக்குப் போனாள். நாயைத் தூணில் கட்டிவிட்டுப் பின்வாசல்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் கேட்டு லோகநாயகி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளியும் அதுவுமா எதுக்குடி ஒப்பாரி? நாய்தான் வந்துடுச்சே!"

தெய்வநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி, வந்துடுச்சு" என்றாள்.